எண்ணெய் வாங்குனது யாரோ, அபராதம் கட்டுனது பனியன் கம்பெனி

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நிதானமா படிங்க.

டிசம்பர் 4ஆம் தேதி சாயந்திரம். டெல்லி பாலம் ஏர்போர்ட்டுல புதின் வந்து இறங்குறதை டிவியில காட்டிட்டு இருந்தாங்க. பிரதமர் நேர்லயே போய்க் கட்டிப்பிடிச்சு வரவேற்றாரு. ரெண்டு பேரும் ஒரே கார்ல ஏறிப் போனாங்க. எங்க வீட்டு முன்னாடி ஷெட்டுல டீ டைம். அப்பா, ஓவர்லாக் ஓட்டுற அக்கா ஒருத்தங்க, நான், மூணு பேரும் பார்த்துட்டு இருந்தோம்.

அக்கா கேட்டாங்க: "ஏந்தம்பி, இவங்ககிட்ட எண்ணெய் வாங்குனதுக்குத்தானே நம்மளுக்கு அமெரிக்கா ஆர்டர் நின்னு போச்சு?"

"ஆமாங்கக்கா."

"அப்ப அந்த எண்ணெய் எங்க போச்சு? நான் வண்டிக்கு அதே நூறு ரூபாய்க்குத்தான பெட்ரோல் போடறேன்?"

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவன். பகல்ல ஒரு ஏற்றுமதி கம்பெனியில மெர்ச்சண்டைசர், ராத்திரி நம்ம ஐடி விங் வேலை. உலக அரசியல் பத்தி தினமும் நாலு போஸ்டர் டிசைன் பண்றவன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியல. அதான் உட்கார்ந்து எழுதறேன்.

முதல்ல கணக்கு. அமெரிக்காவுக்கு 5 டாலர் விலையில ஒரு காட்டன் டி-சர்ட் போகுதுன்னு வெச்சுக்குங்க. காலங்காலமா அதுக்கு இறக்குமதி வரி 16.5 சதவீதம். இது எல்லா நாட்டுக்கும் பொதுவானது. 2025 ஆகஸ்ட் 7ல இருந்து இந்தியாவுக்குக் கூடுதலா 25 சதவீதம் போட்டாங்க. ஆகஸ்ட் 27ல இருந்து அதுக்கும் மேல இன்னொரு 25 சதவீதம். இந்த ரெண்டாவது 25, நம்ம துணியில குறை இருக்குன்னு போட்டதில்ல, நம்ம சந்தையைத் திறக்கலைன்னும் போட்டதில்ல. ரஷ்யாகிட்ட கச்சா எண்ணெய் வாங்குனதுக்கான அபராதம்னு ஆகஸ்ட் 6ல டிரம்ப் கையெழுத்துப் போட்ட உத்தரவுலயே தெளிவா இருக்கு.

ஆக 2025 முடிவுல மொத்தம் 66.5 சதவீதமா இருந்துச்சு. 5 டாலர் டி-சர்ட்டுக்கு 3 டாலர் 32 சென்ட் வரி. அதே டி-சர்ட் வங்கதேசத்துல இருந்தோ வியட்நாம்ல இருந்தோ போனா அப்ப கூடுதல் வரி 20 சதவீதம்தான் இருந்துச்சு, மொத்தம் 36.5. இலங்கைக்கும் 20. பாகிஸ்தானுக்கு 19. நமக்கும் வங்கதேசத்துக்கும் ஒரு டி-சர்ட்டுல ஒன்றரை டாலர் வித்தியாசம். இன்னைக்கு டாலர் ரேட்டுல 130 ரூபாய்க்கு மேல. அந்த டி-சர்ட்டைத் தைச்சுக் கொடுக்க எங்க பவர் டேபிளுக்குக் கிடைக்கிற மொத்தக் கூலியைப் போல அது பல மடங்கு. இதை எந்தக் கம்பெனி தாங்கும்?

இப்ப ரஷ்யா அபராதத்தை மட்டும் எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்க. நமக்கு 41.5, வங்கதேசத்துக்கு 36.5. வித்தியாசம் 25 சென்ட். அதைத் தரத்துலயும் டெலிவரியிலயும் பேசிச் சமாளிச்சிருவோம். திருப்பூர் அதுல ஊறுன ஊரு. ஆர்டரை நிறுத்துனது அந்தக் கடைசி 25தான்.

அந்த உத்தரவு வந்த பதினஞ்சு நாள்ல எனக்கு வந்த மெயில் எல்லாம் ஒரே மாதிரி. "வரியில பாதியை நீங்க ஏத்துக்க முடியுமா?" ஒரு பையர் கட்டிங் முடிஞ்ச ஆர்டரையே நிறுத்தி வைக்கச் சொன்னாரு. வெட்டுன துணியைத் திரும்ப ஒட்ட முடியுமாங்க? பழைய ஆர்டரை நஷ்டத்துக்கு அனுப்பிட்டு, புது ஆர்டரை எடுக்காம விட்ட கம்பெனிகள் நிறைய. மேல அப்படின்னா கீழ எப்படி இருக்கும்? அப்பா ஷெட்டுல 14 மிஷின். இப்ப ஓடுறது 6. டெய்லருங்க, செக்கிங் பண்றவங்க, கைமடிக்கிற பாட்டியம்மா, இவங்களுக்கெல்லாம் சனிக்கிழமை சம்பளம். வாரத்துல மூணு நாள் வேலைன்னா மூணு நாள் காசு. ஒடிசா பசங்க நாலு பேரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவங்க திரும்பல. போன் பண்ணா "வேலை இருக்கா பையா?"ன்னு கேக்குறாங்க. அப்பா பதில் சொல்லாம போனை என்கிட்ட கொடுத்துட்டாரு.

சரி, இந்தச் சண்டை நமக்கு எங்கிருந்து வந்துச்சு?

மேற்கு நாடுகளும் ரஷ்யாவும் எப்பவுமே எதிரிங்கதானேன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. 2001 செப்டம்பர்ல நியூயார்க் தாக்குதல் நடந்தப்ப அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு முதல்ல போன் பண்ண வெளிநாட்டுத் தலைவர் புதின்தான். 2002ல நேட்டோ-ரஷ்யா கவுன்சில்னே ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஜி8ல ரஷ்யா ஒரு உறுப்பினர். ஆனா இன்னொரு பக்கம் 1999ல போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு, 2004ல பால்டிக் நாடுகள் உட்பட ஏழு நாடுன்னு நேட்டோ கிழக்கே நகர்ந்துட்டே போச்சு. 2007ல மியூனிக் மாநாட்டுல புதின் வெளிப்படையாவே கோபத்தைக் காட்டினாரு. 2008 ஏப்ரல்ல உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒரு நாள் நேட்டோவுல சேரும்னு புக்கரெஸ்ட்ல அறிவிச்சாங்க. அந்த ஆகஸ்டுலயே ஜார்ஜியாவுல போர். 2014ல கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கிச்சு, ஜி8ல இருந்து வெளிய தள்ளுனாங்க. 2022 பிப்ரவரி 24ல உக்ரைனுக்குள்ள படையோட போனது ரஷ்யா.

இதுல யார் நல்லவன்னு தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்ல. ஆனா ஒண்ணு சொல்லுவேன். பக்கத்து நாட்டுக்குள்ள டாங்கி ஓட்டிட்டுப் போறதை எந்த நேட்டோ கதையும் நியாயப்படுத்தாது. ஈழத்தைப் பார்த்த நாம, குண்டு விழுற இடத்துல இருக்கிற மக்கள் பக்கம்தான் நிக்கணும். நம்மாளுங்கள்ல சில பேரு அமெரிக்கா மேல இருக்கிற கோபத்துல புதினை ஹீரோ ஆக்குறதும் எனக்குப் பிடிக்கல.

போர் வந்ததும் மேற்கு நாடுகள் ரஷ்யாவோட சுமார் 300 பில்லியன் டாலர் கையிருப்பை முடக்குனாங்க. முக்கியமான ரஷ்ய வங்கிகளை ஸ்விஃப்ட்ல இருந்து தூக்குனாங்க. ஐரோப்பா வாங்காத எண்ணெயை ரஷ்யா தள்ளுபடி விலையில வித்துச்சு. போருக்கு முன்னாடி நாம வாங்குன கச்சா எண்ணெய்ல ரஷ்யாவோட பங்கு 2 சதவீதம் கூட இல்ல. அப்புறம் மூணுல ஒரு பங்குக்கும் மேல போயிருச்சு.

இதை அமெரிக்கா அப்பத் தடுக்கல. தடுக்கணும்னு நினைக்கவும் இல்ல. ரஷ்ய எண்ணெய் மொத்தமா சந்தையை விட்டுப் போனா உலகம் பூரா விலை ஏறும்னு பயந்துதான் 2022 டிசம்பர்ல பீப்பாய்க்கு 60 டாலர்னு உச்சவரம்பு வெச்சாங்க. அந்த விலைக்குள்ள யாராவது வாங்கணும்னு தாங்க விரும்பினதா, இந்தியாவுல அமெரிக்கத் தூதரா இருந்த எரிக் கார்செட்டி 2024ல பொது மேடையிலயே சொன்னாரு. ஆள் மாறுனதும் விதி மாறிடுச்சு. "இது மோடியின் போர்"னு டிரம்போட ஆலோசகர் நவாரோ பேசுற அளவுக்கு வந்துருச்சு.

சரி, எல்லாருக்கும் ஒரே விதியா? ரஷ்ய எண்ணெயை நம்மள விட அதிகமா வாங்குறது சீனா. அதுக்காக சீனாவுக்கு அபராதம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல ரஷ்யாவோட 67.5 பில்லியன் யூரோவுக்குப் பொருள் வர்த்தகம் பண்ணிருக்கு. அதே வருஷம் ரஷ்யாகிட்ட 1 கோடியே 65 லட்சம் டன் எல்என்ஜி எரிவாயு வாங்கியிருக்கு. இதை நம்ம வெளியுறவுத் துறையே ஆகஸ்ட் 4 அறிக்கையில சொல்லிருச்சு. ஒன்றிய அரசு சொன்னதுல நான் முழுசா ஒத்துப்போற அறிக்கை அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15. நாம கொடி ஏத்தி மிட்டாய் கொடுத்த அன்னைக்கு, அலாஸ்காவுல டிரம்ப் புதினுக்குச் சிவப்புக் கம்பளம் விரிச்சு, கைதட்டி வரவேற்று, தன் காருலயே ஏத்திட்டுப் போனாரு. பன்னெண்டு நாள் கழிச்சு, புதினோட வியாபாரம் பண்ணதுக்காக திருப்பூருக்கு அபராதம் நடைமுறைக்கு வந்துச்சு. டிசம்பர்ல டெல்லியிலயும் கம்பளம், கட்டிப்பிடி, ஒரே கார். பெரியவங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறாங்க, பேசிக்கிறாங்க. கேஸ் மட்டும் நம்ம மேல நடந்துச்சு.

இனி அக்காவோட கேள்வி. எண்ணெய் எங்க போச்சு?

முதல் இடம், சுத்திகரிப்பு ஆலைகள். தள்ளுபடியில வந்த கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சு டீசலா, விமான எரிபொருளா வெளிநாட்டுக்கு வித்ததுல நல்ல லாபம். ஜாம்நகர்ல ரிலையன்ஸ். பக்கத்துல வாடினார்ல நயாரா. நயாராவுல 49 சதவீதம் ரஷ்யாவோட ரோஸ்நெஃப்ட் கையில. அரசு எண்ணெய் கம்பெனிகளும் வாங்குச்சு, இல்லைன்னு சொல்லல.

ரெண்டாவது இடம், ஒன்றிய அரசோட கஜானா. பெட்ரோல் விலை 2022 மே மாசத்துக்கு அப்புறம் குறைஞ்சது ஒரே ஒரு தடவை. 2024 தேர்தலுக்கு முன்னாடி, மார்ச்சுல 2 ரூபா. நம்ம ஊர்ல நூறுக்குக் கீழ இறங்கவே இல்ல. 2025 ஏப்ரல்ல உலகச் சந்தையில கச்சா எண்ணெய் விலை சரிஞ்சப்ப, அந்தக் குறைவை நமக்குத் தராம கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபா கூட்டிக்கிட்டாங்க. அக்கா ஸ்கூட்டிக்கு மலிவு எண்ணெய் வரவே இல்ல.

இப்பச் சொல்லப்போறதைக் கவனமா படிங்க. அமெரிக்கா போட்ட இந்தக் கூடுதல் வரியில சில பொருளுக்கு விலக்கு இருந்துச்சு. மருந்து, செல்போன், அப்புறம் பெட்ரோலியப் பொருட்கள். திரும்ப ஒரு தடவை படிங்க. ரஷ்ய எண்ணெய்க்காகப் போட்ட அபராதம், எண்ணெயைச் சுத்திகரிச்சு விக்கிற பொருளுக்கு இல்லாம இருந்துச்சு. பனியனுக்கு இருந்துச்சு. கரூர் பெட்ஷீட்டுக்கு இருந்துச்சு. ஆம்பூர் தோலுக்கு இருந்துச்சு. தூத்துக்குடி இறாலுக்கு இருந்துச்சு.

அக்டோபர் 22ல அமெரிக்கா ரோஸ்நெஃப்ட், லுக்காயில் கம்பெனிகள் மேல நேரடியாத் தடை போட்டுச்சு. ஐரோப்பாவும், ரஷ்யக் கச்சா எண்ணெய்ல செஞ்ச டீசலை 2026 ஜனவரி 21க்கு அப்புறம் வாங்க மாட்டோம்னு சொல்லுச்சு. உடனே ரிலையன்ஸ், ஏற்றுமதிக்குன்னே இருக்கிற ஆலையில நவம்பர் 20ல இருந்து ரஷ்ய எண்ணெயை நிறுத்திருச்சு. அவங்க சந்தையைக் காப்பாத்த அவங்க முடிவு எடுத்துக்கிட்டாங்க, அது வியாபாரம். ஆனா நம்ம அபராதம் அப்ப அப்படியேதான் இருந்துச்சு. நாம எதை நிறுத்துறது? பனியன்லயா ரஷ்ய எண்ணெய் ஊத்துறோம்?

அப்ப ரஷ்ய எண்ணெய் வாங்குறதையே நிறுத்தணுமா? நான் அப்படிச் சொல்ல வரல. யார்கிட்ட எண்ணெய் வாங்கணும்னு வாஷிங்டன்ல இருந்து ஒருத்தர் உத்தரவு போட்டா, அதுக்குத் தலையாட்டுறதுல எனக்குச் சம்மதம் இல்ல. இன்னைக்கு எண்ணெய், நாளைக்கு வேற ஒண்ணு. தேவையில 85 சதவீதத்துக்கும் மேல இறக்குமதி பண்ற நாடு, மலிவா கிடைக்கிற இடத்துல வாங்கத்தான் செய்யும்.

எங்க ஊர்ல மாரியம்மன் கோயில் நோம்பின்னா தலைக்கட்டு வரி போடுவாங்க. எல்லா வீட்டுக்கும் சமமா. வசதி இருக்கிறவங்க மேல கொஞ்சம் கூடவும் தருவாங்க. ஒரே ஒரு தெருவைக் கூப்பிட்டு "மொத்தச் செலவும் நீங்களே கட்டுங்க, பொங்கச்சோறு எல்லாருக்கும்"னு சொன்னா அந்த ஊர்க் கூட்டத்துல யாராவது ஒத்துக்குவாங்களா? சுயமான வெளியுறவுக் கொள்கைங்கறது நாட்டோட முடிவு. அதுக்கு விலை இருந்தா நாடுதான் கொடுக்கணும். லாபம் எடுத்தவங்க கொஞ்சம் கூடக் கொடுக்கணும்.

"தேசத்துக்காகப் பொறுத்துக்குங்க"னு ஒரு கூட்டம் சொல்லுது. பொறுத்துக்கறோம். யாரெல்லாம் பொறுத்துக்கறாங்கன்னு ஒரு லிஸ்ட் கொடுங்க, அதுல ஜாம்நகர் பேரும் இருக்கான்னு பார்ப்போம்.

ஒன்றிய அரசு ஒண்ணுமே செய்யலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பஞ்சு மேல இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை 2025 டிசம்பர் 31 வரைக்கும் எடுத்தாங்க. அது திருப்பூர் ரொம்ப நாளா கேட்டது. நவம்பர்ல 25,060 கோடிக்கு ஏற்றுமதி ஊக்குவிப்புத் திட்டம் அறிவிச்சாங்க. ஏற்றுமதியாளர்களோட கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழி பண்ணுச்சு. நல்லது. ஆனா ஏற்றுமதித் திட்டம்னு சொன்ன தொகை ஆறு வருஷத்துக்கு, நாடு முழுசுக்கும். தவணையைத் தள்ளிப்போட்டா வட்டி நிக்காது. அதை விட முக்கியமானது, ஏற்றுமதிக் கடன்ங்கறது எல்சி, ஆர்டர் வெச்சிருக்கிற கம்பெனிக்குத்தான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள்னு ஜாப் ஒர்க் பண்ற ஆயிரக்கணக்கான யூனிட்டுகளோட பேங்க் கணக்குல ஏற்றுமதிக் கடன்னு ஒண்ணே கிடையாது. எங்க அப்பாவுக்கு இருக்கிறது மிஷின் லோனும், நகைக் கடனும். அவரு எந்தத் திட்டத்துல வருவாரு?

"அமெரிக்கா போனா போகட்டும், ரஷ்யாவுக்கே அனுப்புங்க"ன்னும் சொல்றாங்க. கேக்க நல்லா இருக்கு. எச்&எம், ஸாரா எல்லாம் 2022ல ரஷ்யாவை விட்டு வெளியேறிட்டாங்க. ஆனா 2024-25ல இந்தியா-ரஷ்யா வர்த்தகம் 68.7 பில்லியன் டாலர்ல நாம வித்தது வெறும் 4.9 பில்லியன். மிச்சமெல்லாம் நாம வாங்குனது. நம்ம ரூபாயை வாங்கி வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலைன்னு ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே 2023ல கோவாவுல புலம்பினாரு. பணம் வர்ற வழி சிக்கல். அமெரிக்கத் தடை தங்கள் மேலயும் பாயும்னு பேங்க்காரங்களுக்குப் பயம். இந்தத் தடவை உச்சி மாநாட்டுல 2030க்குள்ள 100 பில்லியன் டாலர் வர்த்தகம்னு மறுபடியும் இலக்கு சொல்லியிருக்காங்க. அதுல பனியன் எவ்வளவு, பணம் எந்த பேங்க் வழியா வரும்னு சொன்னா நாளைக்கே சாம்பிள் அனுப்ப நாங்க தயார்.

இன்னொரு பயமும் இருக்கு. லூதியானாவைத் தெரிஞ்சிருக்கும், கம்பளி ஸ்வெட்டர் ஊரு. ஒரு காலத்துல அவங்க சரக்குல பெரும்பங்கு சோவியத் யூனியனுக்கு ரூபாய் வர்த்தகத்துல போச்சு. 1991ல சோவியத் உடைஞ்சதும் ஆர்டர் போச்சு, கம்பெனிகள் படுத்துருச்சு. அதே காலத்துல இத்தாலி, ஜெர்மனின்னு மேற்குப் பக்கம் போன திருப்பூர் வளர்ந்துச்சு. 2024-25ல நம்ம ஏற்றுமதி கிட்டத்தட்ட 40,000 கோடி. அதுல மூணுல ஒரு பங்கு அமெரிக்கா. அன்னைக்கு லூதியானா ஒரு கதவை நம்பி ஏமாந்துச்சு. இன்னைக்கு நம்ம கதை அதை விட ரொம்பத் தூரத்துல இல்ல. பிரிட்டனோட 2025 ஜூலை 24ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, 2025 டிசம்பர் வரைக்கும் நடைமுறைக்கு வரல. ஐரோப்பாவோட பேச்சு 2025லயும் நடந்துட்டே இருந்துச்சு. அங்க வங்கதேசத்துக்கு வரி பூஜ்யம், நமக்கு இருக்கு. இதையெல்லாம் பத்து வருஷம் முன்னாடியே முடிச்சிருந்தா இன்னைக்கு டிரம்ப் கையெழுத்துக்கு இவ்வளவு பயப்பட வேண்டி இருந்திருக்காது.

நம்ம கோரிக்கை ஒண்ணும் புதுசில்ல. 2022 ஜூலையில, எண்ணெய் கம்பெனிகளுக்கு எதிர்பாராத லாபம் வருதுன்னு ஒன்றிய அரசே டீசல், பெட்ரோல் ஏற்றுமதி மேல விண்ட்ஃபால் டாக்ஸ் போட்டுச்சு. அதாவது, போரால சில பேருக்கு உழைக்காத லாபம் வருதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2024 டிசம்பர் 2ல அதை எடுத்துட்டாங்க. லாபத்துக்கு வரி போடத் தெரிஞ்ச அரசுக்கு, அதே எண்ணெயால நஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கவும் தெரியணும். அந்தக் காலத்துல வசூல் ஆனதுல ஒரு பங்கை எடுத்து, இந்த அபராதத்தால வேலை இழந்த தொழிலாளிக்கு வாரச் சம்பளத்துல பாதியாவது கொடுங்க. ஜாப் ஒர்க் யூனிட்டோட மிஷின் லோன் வட்டியை நீங்க கட்டுங்க. இது சலுகை இல்ல, பாக்கி.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஆகஸ்டுல வரி வந்த அன்னைக்கு, "நண்பேன்டா"ன்னு டிரம்பும் மோடியும் கட்டிப்பிடிச்ச படத்தைப் போட்டு நான் ஒரு மீம் பண்ணேன். செம ரீச். ராத்திரி அப்பா அதைப் பார்த்துட்டு, "சிரிக்கிற விஷயமாடா இது?"ன்னு கேட்டாரு. டெலீட் பண்ணிட்டேன். டெல்லிக்கு அடி விழுந்துச்சுன்னு நம்மாளுங்க சந்தோஷப்பட்டா, அந்த அடி விழுந்த முதுகு நம்ம ஊரோடதுன்னு ஞாபகம் வெச்சுக்கணும். திட்டுங்க, கேள்வி கேளுங்க, ஆனா கைதட்டாதீங்க.

ரஷ்ய எண்ணெய்த் தள்ளுபடியில 2022ல இருந்து எந்தக் கம்பெனி எவ்வளவு மிச்சம் பண்ணுச்சு, அபராதத்தால எந்த மாவட்டத்துல எத்தனை பேருக்கு வேலை போச்சு, இந்த ரெண்டு கணக்கையும் ஒரே காகிதத்துல கேக்கச் சொல்லி நம்ம எம்பிக்களுக்கு மனு தயார் பண்ணிட்டு இருக்கோம்.

அதுக்கு உங்க உதவி வேணும். ராயபுரம், வேலம்பாளையம், வீரபாண்டி, நல்லூர், பெருமாநல்லூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பவர் டேபிள், பிரிண்டிங், காம்பாக்டிங் வெச்சிருக்கிறவங்க, ஆகஸ்டுக்கு முன்னாடி எத்தனை மிஷின் ஓடுச்சு, இப்ப எத்தனை ஓடுது, எத்தனை பேர் நின்னுட்டாங்கன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, ஜூலை மாச ஜாப் ஒர்க் பில்லும் நவம்பர் பில்லும் ஜெராக்ஸ் எடுத்து உங்க வார்டு பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. பேரு வெளிய வராது. தொழிலாளிங்க சம்பளச் சீட்டு இல்லைன்னா பரவால்ல, எத்தனை நாள் வேலை இல்லைன்னு எழுதுனாப் போதும். முதல் தாள் எங்க ஷெட்டோடது, நேத்தே எழுதிட்டேன். 14ல 6.